அமெரிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டைத் துப்பாக்கியுடன் செல்பவர்கள் சேர்க்க வேண்டிய ஆவணங்கள்

துப்பாக்கி வைத்திருப்பதற்கு நாடு முழுவதற்குமான உரிமம் என்று ஒன்று அமெரிக்காவில் கிடையாது. டெக்சாஸிலோ மொன்டானாவிலோ வசிக்கும் ஒருவர், கடையில் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்ததும் ரைபிளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதன் பிறகு அது இன்னாருடையது என்று அரசு முத்திரையிட்டுக் கொடுத்த தாள் எதுவும் அவரிடம் இருக்காது. தென்னாப்பிரிக்காவிலோ, 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிய தாள் இல்லாத துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். வேட்டைக்காகச் செல்பவர் முதல் நாட்டில் புறப்பட்டு இரண்டாம் நாட்டில் இறங்குகிறார். அங்கே காவலர் கேட்கும் முதல் கேள்வி, இந்தத் துப்பாக்கி உங்களுடையதுதான் என்பதற்கு என்ன சான்று என்பதே. அதற்குப் பதிலாக நீட்டப்படுவது, கைக்கடிகாரத்துக்கும் கேமராவுக்கும் என்று உருவாக்கப்பட்ட ஒரு சாதாரணச் சுங்கச் சீட்டு. 4457 என்ற எண் கொண்ட அந்தச் சீட்டைச் சரியாகப் பெற்றுவிட்டால், மற்ற தாள்களெல்லாம் அதைப் பார்த்து எழுதப்படுபவைதான்.

முதலில், இந்த வழிமுறை யாருக்குப் பொருந்தும் என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் குடிமக்களும் பச்சை அட்டை பெற்ற நிரந்தரக் குடியிருப்பாளர்களும் தங்கள் சொந்த வேட்டைத் துப்பாக்கியைத் தற்காலிகமாக வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். அதற்குத் தனி ஏற்றுமதி உரிமம் தேவையில்லை; வணிகத்துறையின் விதிகளில் பயணப்பெட்டிக்கென்று உள்ள விதிவிலக்கின் கீழ், ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரையிலும் 1,000 தோட்டாக்கள் வரையிலும் தம்முடன் கொண்டுபோகலாம். 2020 மார்ச் மாதம் வரை இந்த விலக்கு வெளியுறவுத்துறையின் விதிகளில் இருந்தது. ஆகவே அதற்கு முன் எழுதப்பட்ட கையேடுகளில் காணும் விதி எண்களை நம்பி எதையும் நிரப்ப வேண்டாம். துப்பாக்கி பயணியின் சொந்தப் பயன்பாட்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். அங்கே விற்பதற்கோ கொடுப்பதற்கோ எடுத்துச் செல்லக் கூடாது. அவருடனேயே திரும்பி வரவும் வேண்டும்.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களின் நிலை வேறு. நம்மவர்களில் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது; ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அந்தத் தடை நீங்கும். இவ்வாறு உரிமம் பெற்று உள்ளூரில் மான் வேட்டைக்குச் செல்பவர்கள், அதே துப்பாக்கியை வெளிநாட்டுக்கும் கொண்டுபோகலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் மேற்சொன்ன ஏற்றுமதி விலக்கு, தற்காலிக விசாவில் இருப்பவர் முறைப்படி வெளிநாட்டிலிருந்து தம்முடன் கொண்டுவந்த துப்பாக்கிக்கு மட்டுமே உண்டு. அமெரிக்கக் கடையில் வாங்கியதற்கு இல்லை. அவர்கள் தென்னாப்பிரிக்காவிலேயே வேட்டை ஏற்பாட்டாளரிடம் துப்பாக்கியை வாடகைக்கு எடுப்பதுதான் வழி. பச்சை அட்டையுடன் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தென்னாப்பிரிக்க விசாவையும் முன்கூட்டியே பெற வேண்டும். 90 நாள் வரை விசா இல்லாமல் நுழையும் வசதி அமெரிக்கக் கடவுச்சீட்டுக்கு உண்டு, இந்தியக் கடவுச்சீட்டுக்கு இல்லை.

4457 படிவம்

வெளிநாட்டில் தயாரான பொருளை அமெரிக்காவிலிருந்து எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவரும்போது, அது புதிதாக வாங்கியது என்று கருதிச் சுங்கத்துறை வரி கேட்காமல் இருக்கவே இந்தப் படிவம் ஏற்பட்டது. கட்டணம் கிடையாது. படிவத்தைச் சுங்கத்துறையின் இணையதளத்திலிருந்து அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் அதிகாரி துப்பாக்கியை நேரில் பார்த்து, வரிசை எண்ணை ஒப்பிட்டு, கையொப்பமும் முத்திரையும் இட்டால்தான் அது செல்லும். பன்னாட்டு விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் பல உள்நாட்டு நகரங்களிலும் சுங்க அலுவலகங்கள் உள்ளன. பயண நாளன்றே விமான நிலையத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பது சரியல்ல. தென்னாப்பிரிக்க விண்ணப்பத்துடன் இதன் நகலை இணைக்க வேண்டியிருப்பதால், இரண்டு மாதங்களுக்கு முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

அலுவலகத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டு, தோட்டா நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு, முதலில் வெறுங்கையுடன் உள்ளே சென்று விவரத்தைச் சொல்லி, அதிகாரி எங்கே எப்படிக் கொண்டுவரச் சொல்கிறாரோ அப்படியே செய்வது நல்லது. அரசு அலுவலகக் கட்டடத்துக்குள் துப்பாக்கிப் பெட்டியுடன் ஒருவர் திடீரென்று நுழைந்தால், எதிரே இருப்பவர் என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

படிவத்தில் தயாரிப்பாளர் பெயர், மாடல், காலிபர் (குழலின் உள்விட்ட அளவு), வரிசை எண் ஆகியவற்றைத் துப்பாக்கியின் உலோகத்தில் பொறித்திருப்பதைப் பார்த்து எழுத வேண்டும். கடை ரசீதையோ நினைவையோ வைத்து எழுதக் கூடாது. வரிசை எண்ணில் பூஜ்யமும் ஆங்கில ‘ஓ’ எழுத்தும், எண் ஒன்றும் ஆங்கில ‘ஐ’ எழுத்தும் எளிதில் குழம்பும். இந்த ஒரு எழுத்துக் குழப்பம் ஜோகன்னஸ்பர்க்கில் மூன்று மணி நேரத்தை விழுங்கக்கூடியது. ஸ்கோப்புக்கும் பைனாகுலருக்கும் எண் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். எழுதிய பகுதிக்குக் கீழே வெற்றிடம் இருந்தால் கோடிட்டு அடைத்துவிட வேண்டும். அதிகாரியின் முன்னிலையிலேயே நீங்களும் கையொப்பமிட வேண்டும். பல துப்பாக்கிகளை ஒரே படிவத்தில் எழுத இடம் உண்டென்றாலும், ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் வாங்குவதே என் பரிந்துரை: அடுத்த ஆண்டு ஒன்றை விற்றுவிட்டாலும் மற்றதற்கான தாள் கறைபடாமல் இருக்கும்.

இதில் இரண்டு செய்திகளை முக்கியமாக மனத்தில் கொள்ள வேண்டும். சுங்கத்துறை இந்தப் படிவத்தின் நகல் எதையும் வைத்துக்கொள்வதில்லை. உங்கள் கையில் இருப்பதுதான் ஒரே பிரதி. ஆகையால் மூலத்தைப் பத்திரப்படுத்தி, நகல்களைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, படிவத்தின் மேல் மூலையில் அச்சாகியிருக்கும் காலாவதித் தேதி. அது அந்த அச்சுப் படிவத்தை அரசு எதுவரை பயன்படுத்தலாம் என்பதைக் குறிக்கும் அலுவலகத் தேதிதான். அமெரிக்கச் சுங்கத்துறையைப் பொறுத்தவரை, முத்திரையிட்ட சீட்டு படிக்கும்படி இருக்கும்வரை செல்லும். ஆனால் தென்னாப்பிரிக்கக் காவல்துறை அதை உரிமத்தின் காலாவதியாகவே படிக்கிறது. உரிமம் என்றால் முடிவுத் தேதி இருக்கும் என்ற நாட்டிலிருந்து பார்க்கும்போது அந்த வாசிப்பில் வியப்பில்லை. அதனிடம் வாதாடியும் பயனில்லை. மேல் மூலையில் உள்ள தேதி உங்கள் பயணம் முடியும் நாளைத் தாண்டி இருக்கும் புதிய பதிப்புப் படிவத்தில் மீண்டும் ஒருமுறை முத்திரை வாங்கிக்கொள்வதே தீர்வு.

வரிசை எண்ணே இல்லாத பழைய துப்பாக்கிகளும் உண்டு. அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் வரிசை எண் கட்டாயமானது 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால்தான். அதற்கு முன் வந்த மலிவான .22 காலிபர் ரைபிள்களும் ஷாட்கன்களும் பல எண்ணில்லாமலேயே விற்கப்பட்டன. மாமனார் கொடுத்த பழைய துப்பாக்கி என்ற பாசம் இருந்தாலும், அதை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

தென்னாப்பிரிக்க அனுமதி: எஸ்.ஏ.பி.எஸ். 520

தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் (எஸ்.ஏ.பி.எஸ்.) தற்காலிக இறக்குமதி அனுமதிக்கான விண்ணப்பம் 520 என்ற எண் கொண்டது. அதைக் கறுப்பு மையில் மட்டுமே நிரப்ப வேண்டும். எல்லா விவரங்களையும் முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இறங்கிய பிறகு காவலரின் முன்னிலையில் இட வேண்டிய கையொப்பத்தை வீட்டிலேயே இட்டுவிடக் கூடாது. விண்ணப்பத்துடன் கடவுச்சீட்டின் நகல், திரும்பி வரும் தேதி தெரியும் விமானச் சீட்டு, 4457 படிவம், வேட்டை ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதம் ஆகியவை இருக்க வேண்டும். அழைப்புக் கடிதம் ஏற்பாட்டாளரின் முகப்புத் தாளில், எந்தப் பண்ணையில், எந்தத் தேதிமுதல் எந்தத் தேதிவரை வேட்டை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கொண்டுபோகும் துப்பாக்கிகளுக்கும் வரம்பு உண்டு. ஒரு காலிபருக்கு ஒரு துப்பாக்கி என்பது வழக்கமான விதி, இரண்டு .30-06 காலிபர் ரைபிள்களை ஒருவர் கொண்டுபோக முடியாது. தானியங்கித் துப்பாக்கிகளுக்கும் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கும் வேட்டைப் பயணியாக அனுமதி எதிர்பார்க்க வேண்டாம். தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி கொண்டுபோவதும் இயலாது. ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாக்கள் வரை அனுமதி உண்டு, அதுவும் கொண்டுவந்த துப்பாக்கியின் காலிபருக்கு உரியவையாக மட்டுமே. ஆனால் நடைமுறையில் இந்த 200 என்ற எண்ணை எட்டவிடாமல் தடுப்பது விமானப் போக்குவரத்து விதி. பயணி ஒருவர் பெட்டியையும் சேர்த்து 5 கிலோ தோட்டாக்களுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. 180 கிரெய்ன் (துப்பாக்கிக் குண்டை எடைபோடும் அலகு) குண்டுள்ள .30-06 தோட்டா ஏறத்தாழ 27 கிராம் எடை இருக்கும்; .375 எச் அண்ட் எச் தோட்டா ஏறத்தாழ 40 கிராம். பின்னது என்றால் 120-ஐ நெருங்குவதற்குள்ளேயே எடை வரம்பு முடிந்துவிடும். பத்து நாள் வேட்டைக்கு ஒரு ரைபிளுக்கு 40 முதல் 60 தோட்டாக்கள் தாராளம். எடையை வீட்டிலேயே தராசில் பார்த்துவிடுவது நல்லது.

விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. நிரப்பிய தாள்களைக் கையில் எடுத்துச் சென்று விமான நிலையக் காவல் அலுவலகத்திலேயே விண்ணப்பித்து அனுமதி பெறலாம். வரிசையில் எத்தனை வேட்டைக்காரர்கள் முன்னால் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதற்கு மணிக்கணக்கில் ஆகலாம். அல்லது, பயணத்துக்குக் குறைந்தது 21 நாட்களுக்கு முன்பே தாள்களை அனுப்பி முன் ஒப்புதல் வாங்கிவிடலாம். இந்த இரண்டாம் வழியை, கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தரும் முகவர்கள் இருக்கிறார்கள். விமானத்திலிருந்து இறங்கியதும் அவர்களுடைய ஆள் பெயர்ப்பலகையுடன் நின்று, காவல் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் முடித்துக் கொடுப்பார். முதல் பயணம் என்றால் இந்தச் செலவை மிச்சப்படுத்தப் பார்க்க வேண்டாம்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. தலைப்பெழுத்தும் இயற்பெயரும் கொண்ட நம் பெயர்கள் அமெரிக்க ஆவணங்களில் பல வடிவங்கள் எடுக்கின்றன: ஓட்டுநர் உரிமத்தில் தந்தை பெயர் குடும்பப் பெயராகும், விமானச் சீட்டில் இயற்பெயரே இரண்டு முறை அச்சாகும், வேறெங்கோ முதற்பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்து முன்னால் ஒட்டிக்கொள்ளும். அலுவலகத்தில் இது சிரித்துக்கொண்டே கடக்கும் விஷயம். துப்பாக்கியுடன் நிற்கும்போது அப்படி இல்லை. கடவுச்சீட்டில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே 4457 படிவத்திலும், 520 விண்ணப்பத்திலும், விமானச் சீட்டிலும், அழைப்புக் கடிதத்திலும் எழுத வேண்டும். ஏற்பாட்டாளர் உங்களைச் செல்லப்பெயரால் அழைத்தாலும், கடிதத்தில் கடவுச்சீட்டுப் பெயரை இடச் சொல்லுங்கள். கடவுச்சீட்டில் குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

விமானச் சீட்டைத் தேர்ந்தெடுப்பது

துப்பாக்கியுடன் செல்பவருக்கு மலிவான சீட்டைவிட நேரடி விமானமே மேல். அட்லாண்டாவிலிருந்தும் நியூவார்க்கிலிருந்தும் ஜோகன்னஸ்பர்க்குக்கு இடையில் இறங்காமல் செல்லும் விமானங்கள் உண்டு. ஐரோப்பா வழியாகச் சென்றால், நடுவில் உள்ள நாட்டின் சட்டமும் உங்கள் பெட்டியைத் தொடும். ஆம்ஸ்டர்டாமில் விமானம் மாறுபவர் நெதர்லாந்துச் சுங்கத்துறையின் இடைவழி ஒப்புதலை முன்பே வாங்கியிருக்க வேண்டும். எந்த விமான நிறுவனமானாலும், சீட்டு வாங்கியவுடன் தொலைபேசியில் துப்பாக்கி இருப்பதைச் சொல்லிப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். இடையில் வேறு நிறுவனத்தின் விமானம் இருந்தால் அந்த நிறுவனத்தையும் தனியே கேளுங்கள்.

நியூவார்க் வழியாகச் செல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. துப்பாக்கியுடன் மாநிலங்களைக் கடந்து செல்பவருக்குக் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, வழியில் துப்பாக்கி எளிதில் எடுக்கும்படி கையில் இல்லாதவரைதான். 2005-இல் யூட்டாவைச் சேர்ந்த பயணி ஒருவர் தம் பெட்டி தவறிப்போனதால் அடுத்த பயணத்தைத் தவறவிட்டு, பின்னர் பெட்டியை நியூவார்க்கில் பெற்றுக்கொண்டு விடுதியில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும்போது துப்பாக்கி இருப்பதைச் சட்டப்படி அவரே சொன்னார். நியூ ஜெர்சியின் உரிமம் இல்லை என்று கைதாகிச் சில நாட்கள் சிறையில் இருந்தார். வழக்கு கைவிடப்பட்டாலும், அவர் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கை 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. நியூ யார்க்கிலோ நியூ ஜெர்சியிலோ விமானம் ரத்தாகி, பெட்டியை எடுத்துக்கொண்டு நாளை வாருங்கள் என்று சொன்னால், துப்பாக்கிப் பெட்டியை ஏற்றுக்கொள்ளாமல் விமான நிறுவனத்திடமே விட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

புறப்படும் நாள்

துப்பாக்கி தோட்டா நீக்கப்பட்டு, கடினமான புறச்சுவர் கொண்ட பெட்டியில், எல்லாப் பூட்டுத் துளைகளிலும் பூட்டிட்டு, சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியாக மட்டுமே போக முடியும். ஒரு மூலையை நெம்பினால் கைவிட முடிகிற பெட்டி ஏற்கப்படாது. சாவி உங்களிடம் மட்டுமே இருக்க வேண்டும். விமான நிறுவனத்தின் முகப்பில் துப்பாக்கி இருக்கிறது என்பதை நீங்களாகவே சொல்ல வேண்டும். அவர்கள் ஓர் அட்டையைக் கொடுத்து, தோட்டா இல்லை என்று கையொப்பம் வாங்கி, அதைப் பெட்டிக்கு உள்ளே வைப்பார்கள். பெட்டியின் வெளியே துப்பாக்கி என்று தெரியும்படி எதையும் ஒட்டக் கட்டாயப்படுத்துவது அமெரிக்கச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது. யாரேனும் ஒட்ட முயன்றால் பணிவாக மறுக்கலாம். சோதனை முடிந்து பெட்டி உள்ளே போனது என்று உறுதியாகும்வரை அந்த இடத்தைவிட்டு நகர வேண்டாம், ஏனெனில் திறக்கச் சொன்னால் சாவியுடன் நீங்கள்தான் வர வேண்டும்.

தோட்டாக்கள் அவற்றுக்கென்று செய்த அட்டை, மரம், பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டியில் இருக்க வேண்டும். உதிரியாகப் பையில் கிடக்கக் கூடாது. அமெரிக்க விதிப்படி அவற்றைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே வைக்கலாம் என்றாலும், தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டு விமானங்களில் தனியாகப் பூட்டிய சிறு பெட்டியைக் கேட்பார்கள். ஆகவே முதலிலிருந்தே தனிப் பூட்டுப்பெட்டியில் வைத்து, அதை உடைகள் உள்ள பெட்டிக்குள் வைத்துவிடுவது வசதி.

ஜோகன்னஸ்பர்க்கில்

ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் குடியேற்றப் பகுதியைக் கடந்ததும், துப்பாக்கிப் பெட்டி மற்றப் பெட்டிகளுடன் சுழல்பட்டையில் வராது. காவல்துறையின் துப்பாக்கி அலுவலகத்துக்குக் கொண்டுபோகப்படும். அங்கே காவலரிடம் தாள்களைக் கொடுத்து, அவர் முன்னால் கையொப்பமிட்டு, வரிசை எண்ணை அவர் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அனுமதிச் சீட்டு தருவார்கள். அதை வாங்கியவுடன் அங்கேயே நின்று, பெயர், கடவுச்சீட்டு எண், துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, தேதிகள் எல்லாவற்றையும் ஒருமுறை படியுங்கள். காவலரின் எழுத்துப்பிழையும் திரும்பும்போது உங்கள் பிழையாகவே கருதப்படும். அன்றே உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டுமென்றால், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வையுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கில் வெளியே வராமல், பெட்டி நேராக நமீபியாவின் தலைநகரான விண்ட்ஹோக்குக்குப் பதிவாகியிருந்தால், தென்னாப்பிரிக்க அனுமதி தேவையில்லை. நமீபியாவில் விண்ணப்பத்தை இறங்கிய பிறகே நிரப்பிக் கொடுத்து அனுமதி பெற்றுவிடலாம். அதனால்தான் தாள் வேலையை வெறுப்பவர்கள் முதல் வேட்டைக்கு நமீபியாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் ஓர் இரவு தங்கிப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டால், 520 விண்ணப்பம் முழுவதும் தேவைப்படும்.

பண்ணையில் இருக்கும் நாட்களில் அனுமதிச் சீட்டு துப்பாக்கியுடனேயே இருக்கட்டும். மீந்த தோட்டாக்களை வழிகாட்டிக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு வருவது பலருக்குத் தோன்றும் நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் காலிபருக்கு உரிமம் இல்லாதவர் ஒரு தோட்டாவை வைத்திருப்பதும் அந்நாட்டில் குற்றம். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

திரும்பும்போது

புறப்படும் விமான நிலையத்தில் காவல்துறை அனுமதிச் சீட்டையும் துப்பாக்கியையும் மீண்டும் ஒப்பிடும். கொண்டுவந்தவை அனைத்தும் திரும்பிப் போக வேண்டும். அமெரிக்காவில் இறங்கியதும் சுங்க அதிகாரியிடம் துப்பாக்கி இருப்பதைச் சொல்லி, 4457 படிவத்தைக் காட்டுங்கள். தாம் எடுத்துச் சென்ற துப்பாக்கியையே திரும்பக் கொண்டுவருபவருக்கு இறக்குமதி அனுமதி தேவையில்லை என்று விதி சொல்கிறது. ஆனால் அது அதே துப்பாக்கிதான் என்று அதிகாரிக்கு மனநிறைவு வரும்படி நிறுவ வேண்டியது பயணியே. அந்தச் சுங்கச் சீட்டு தன் உண்மையான வேலையைச் செய்வது இந்த இடத்தில்தான்.

வீட்டுக்கு வந்ததும் வேட்டைக்குக் கொண்டுபோன பைகளின் ஒவ்வொரு பொக்கெட்டையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். மறந்துபோன ஒற்றைத் தோட்டா பையின் மூலையில் கிடந்து, அடுத்த விடுமுறையில் அதே பையுடன் சென்னை விமான நிலையத்தில் சோதனைக்கு நின்றால், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி அது வழக்காகும். அந்தத் தோட்டாவுக்கு 4457 படிவம் எதுவும் உதவாது. வேட்டைக்கென்று தனிப் பை வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகும் பையை அதிலிருந்து ஒதுக்கி வையுங்கள்.